கொம்பில் பூசிய நீலம்

விழுப்புரம்
29.1.2025

சீனு அண்ணனுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்க மனம் வரவில்லை. நலமில்லை என்று தெரிந்துகொண்டே கேட்டால் அது கேலி மாதிரி ஆகிவிடும். என் போன் எண்ணை நீங்கள் பிளாக் செய்துவிட்டீர்கள். உங்கள் மகள் கலைப்பிரியாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடச் சொன்னேன். சட்டப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே பதில் சொன்னது: "நான் இன்னா தபால்காரம்மாவா அத்தை? அப்பாவுக்கும் உங்களுக்கும் நடுவுல சேதி சொமக்க என்னால முடியாது. பேசணும்னா நீங்களே பேசிக்கோங்க." என் வீட்டில் தங்கி, என் கையால் சாப்பிட்டு, இங்கே சட்டம் படிக்கிற பெண். இந்த விஷயத்தில் மட்டும் யார் பக்கமும் சாயாமல் இருக்கிறது. அதனால்தான் கடிதம். கடிதத்தை பிளாக் செய்ய இன்னும் எவனும் வழி கண்டுபிடிக்கவில்லை.

மாட்டுப்பொங்கல் அன்றைய மத்தியானத்தை நினைத்தால் எனக்கு நடந்தது மாதிரியே இல்லை, எங்கோ தூக்கத்தில் பார்த்தது மாதிரிதான் இருக்கிறது. பொங்கல் பானையின் ஆவி உங்கள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது. உங்கள் மாடு மைனரைக் குளிப்பாட்டி, கொம்புக்கு நான் வாங்கி வந்த நீலத்தைப் பூசியிருந்தீர்கள். மாதா முக்காட்டின் நீலம் உங்கள் மாட்டின் கொம்பில் ஏறிவிட்டது என்று நான் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். தேனீ ஒருவரைக் கொட்டினால் அந்த இடத்தில் வாழைப்பழ வாசனை மாதிரி ஒன்று கிளம்பும், அதை மோந்துகொண்டு மற்றவையும் வந்து கொட்டும், அதனால் மாட்டுக்குப் போடும் மாலையில் பழம் வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தேன். நீங்களும் மறக்காமல் பழத்தை எடுத்துவிட்டு வடையும் கரும்பும் மட்டும் கோத்தீர்கள். என் தேனீப் பெட்டிகளும் வழியை விட்டுத் தள்ளித்தான் இருந்தன, முன்னால் கீற்றுத் தட்டியும் வைத்திருந்தேன். உங்கள் தர்பூசணியில் காய் பிடிக்க வேண்டும் என்று நீங்களே கேட்டு, உங்கள் கொல்லையோரம் வைத்த பெட்டிகள் அவை.

மைனரைக் கொல்லையைச் சுற்றி அழைத்து வந்தீர்கள். பெட்டிகளின் சத்தம் மாறியது. கையில் கரும்போடு நின்ற எனக்கு அது என்ன சத்தம் என்று தெரியும், ஆனால் கால் நகரவில்லை. தேனீக்கள் மைனரை மொய்த்தன, அடுத்து நான் பார்த்தது உங்கள் கையிலிருந்து நழுவிய கயிற்றை. ஊருக்கெல்லாம் லீவு, தபாலுக்கு லீவு இல்லை. வண்டிப்பாதையில் நம் தபால்காரம்மா கிருஷ்ணவேணி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். ஒதுங்கினாள், சைக்கிளோடு சாய்ந்தாள், முட்டி அடியில் மாட்டிக்கொண்டது. மைனர் அவளைக் குத்தவில்லை. உரசிக்கொண்டு ஓடினான். அவள் தபால் பையில் நீலமாக ஒரு கோடு விழுந்தது.

இப்போது டீக்கடையில் உட்கார்ந்து, "எல்லாம் ரோஸ்லின் வளத்த பூச்சியாலதான்" என்று சொல்கிறீர்களாம். எனக்குக் கோபம் வந்தது. அதைவிட அழுகைதான் அதிகம் வந்தது. என் அப்பா இறந்தபோது, பக்கத்து நிலத்துக்காரராக இருந்து எங்கள் நிலத்துக்கும் சேர்த்துத் தண்ணீர் பாய்ச்சியவர் நீங்கள். இப்போது பெட்டிகள் மேல் கோணியைப் போட்டு மூடிவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். தயவுசெய்து எடுத்துவிடுங்கள், உள்ளே வெந்துபோகும். கிருஷ்ணவேணியின் முட்டி எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள்.

ரோஸ்லின்

*

கீழ்ப்புங்கனூர், திண்டிவனம் வழி
6.2.2025

ரோஸ்லினுக்கு,

உன் கடிதம் வந்தது. கொண்டுவந்ததே கிருஷ்ணவேணிதான். அதற்குள் வேலைக்கு வந்துவிட்டாள். முட்டியில் பட்டை, கையில் தடி, தோளில் பை. சைக்கிள் மிதிக்க முடியாததால் நடக்கிறாள். "இன்னாம்மா இவ்ளோ ஜல்தி வந்துட்ட, படுத்துக்கினு இருக்க வேண்டியதுதான?" என்றேன். "படுத்தா யாருண்ணா சோறு போடுவாங்க?" என்றாள். உன் கடிதத்தை நீட்டிவிட்டு, "விழுப்புரம் அக்கா எழுதியிருக்குது, பொறுமையா படிங்க" என்றும் சொல்லிவிட்டுப் போனாள். எனக்கே பொறுமையைப் பற்றிப் பாடம்.

கோணியை எடுத்துவிட்டேன். நான் என்ன கொலைகாரனா? பயத்தில் போட்டது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். டீக்கடையில் நான் சொன்னது உண்மைதான், சொன்னதில் தப்பும் இல்லை. கலைப்பிரியா போன வாரம் வந்தபோது கேட்டேன். சட்டத்தில் பிராணிகள் இரண்டு வகையாம். புலி, கரடி மாதிரி காட்டுப் பிறவி ஒரு வகை. அதை வளர்க்கிறவன் அது செய்கிற எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். மாடு, நாய் மாதிரி வீட்டுப் பிறவி இன்னொரு வகை. அது முரட்டுக் குணம் உள்ளது என்று வளர்க்கிறவனுக்கு முன்பே தெரிந்திருந்தால்தான் அவன் மாட்டுவான். மைனரைப் பற்றி ஊரில் யாரை வேண்டுமானாலும் கேள். அவன் வயிற்றுக்கு அடியில் புகுந்து பிள்ளைகள் கண்ணாமூச்சி விளையாடியிருக்கிறார்கள். சட்டம் என் பக்கம் இருக்கிறது.

உன் பூச்சி என்ன வகை? என் மாட்டுக்கு மைனர் என்று பெயர் இருக்கிறது, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும். உன் தேனீயில் ஒன்றின் பெயரைச் சொல் பார்ப்போம், எல்லாப் பொறுப்பையும் நானே ஏற்றுக்கொள்கிறேன்.

இதையெல்லாம் எழுதிவிட்டேனே தவிர மனசு பேஜாராகத்தான் இருக்கிறது. திண்டிவனத்தில் டாக்டர் கிருஷ்ணவேணியைப் பார்த்துவிட்டு, முட்டிக்குள் தசைநார் அறுந்திருக்கிறது என்றாராம். கோடைக்குள் ஆபரேஷன் செய்து, அப்புறம் கொஞ்ச காலம் காலை ஊன்றாமல் இருந்தால் சரியாகுமாம். விட்டுவிட்டால் ஆயுசுக்கும் இழுத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். அவள் சம்பாத்தியத்தில்தான் அவள் வீடு ஓடுகிறது. நான் செலவுக்குக் கொடுக்கப் போனேன். வாசலிலேயே நிறுத்திவிட்டாள். "மாடு இன்னா பண்ணும்ணா, பூச்சி இன்னா பண்ணும்? நீங்களும் வேணும்னா பண்ணீங்க? யார் மேலயும் தப்பில்ல. தப்பில்லாதவங்ககிட்ட கை நீட்டி வாங்கினா அது பிச்சதான? உடுங்க."

இப்படிச் சொன்னால் நான் என்ன செய்வது? திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது.

சீனுவாசன்

*

விழுப்புரம்
15.2.2025

அண்ணா,

என் தேனீக்களுக்குப் பெயர் இல்லைதான். ஆனால் நீங்கள் கேட்டதிலிருந்து வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். நிற்காமல் பறப்பவை, எந்தப் பெயர் எதற்கென்று எப்படி வைப்பது? ஜங்ஷன் பக்கத்தில் குடியிருந்தால் சாயங்காலத்தில் எந்நேரமும் ஒரு ரீங்காரம் காதில் இருக்கும். ரயில் வரப்போகிறதா, போய்விட்டதா என்று தெரியாது. அதைக் கேட்டால் பெட்டிகள் பக்கத்தில் நிற்பது போலவே இருக்கிறது. அந்த நேரத்தில் அடுப்பில் வைத்ததுகூட எனக்கு மறந்துவிடுகிறது, வீட்டுக்காரர் வந்து அணைக்கிறார்.

முந்தாநாள் மத்தியானம் கூடத்திலேயே அசந்து தூங்கிவிட்டேன். கனவில் மைனர் நம் ஜங்ஷன் பிளாட்பாரத்தில் நடந்து வருகிறான். கொம்பு அதே நீலம். அவனைச் சுற்றிலும் தேனீக்கள், ஒரு சத்தமும் இல்லை. ரயில் ஜன்னலில் கிருஷ்ணவேணி உட்கார்ந்திருக்கிறாள், மடியில் பை. எங்கு பார்த்தாலும் பழுத்த வாழைப்பழ வாசனை, ஆனால் ஒரு பழத்தைக்கூடக் காணோம். நான் தேடிக்கொண்டே போகிறேன். கண் விழித்த பிறகும் அந்த வாசனை போகவில்லை. பார்த்தால் கலைப்பிரியா ஜன்னலோரம் உட்கார்ந்து நகத்துக்குப் பாலீஷ் போட்டுக்கொண்டிருக்கிறது. வாசனை அதிலிருந்துதான் வருகிறது.

செருப்பை மாட்டிக்கொண்டு நேரே பெயிண்ட் கடைக்குப் போனேன். பெயிண்டில் கலக்கிற தின்னரைத் திறந்து காட்டச் சொல்லி மோந்து பார்த்தேன். கடைக்காரர் என்னைப் பற்றி என்ன நினைத்தாரோ தெரியாது. வாழைப்பழம்தான் அண்ணா, அப்பட்டமாக வாழைப்பழம். பெயிண்ட் கெட்டியாக இருக்கிறது என்று அன்று நீங்கள் ஒரு பாட்டிலிலிருந்து ஊற்றிக் கலக்கினீர்களே, அது தின்னர்தானே? மாலையிலிருந்து பழத்தை எடுத்துவிட்டு, கொம்பிலேயே அந்த வாசனையைப் பூசிக்கொண்டு பெட்டிகளிடம் போயிருக்கிறோம். தேனீக்கு அது யாரோ முன்பே கொட்டுப்பட்ட வாசனை. சண்டைக்கு வாருங்கள் என்று கூப்பிடுகிற வாசனை.

நீங்கள் சட்டத்தைப் பாதி கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டீர்கள் என்று உங்கள் மகள் சொல்கிறது. மீதியை எனக்குச் சொன்னது. "ஆபத்தான ஒன்ன நம்ம லாபத்துக்காக வச்சிக்கினு, அது கட்டுத் தாண்டிப் போயி ஒருத்தருக்கு கெடுதல் பண்ணா, நான் ஜாக்கிரதையாத்தான் இருந்தேன்னு சொல்லித் தப்பிக்க முடியாது அத்தை. தப்பு இருக்குதா இல்லையான்னு சட்டம் கேக்காது. வச்சிருந்தது யாருன்னுதான் கேக்கும்."

அதைக் கேட்டபோது எனக்குப் பயம் வரவில்லை, நிம்மதிதான் வந்தது. வச்சிருந்தது நான். தேனீ என்னுடையது, பெயிண்ட் நான் வாங்கியது. ஆகவே டீக்கடையில் நீங்கள் சொன்னதுதான் சரி. இனி தாராளமாகச் சொல்லுங்கள், நானும் வந்து தலையாட்டுகிறேன். கிருஷ்ணவேணிக்கு ஆக வேண்டிய எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் குறுக்கே வர வேண்டாம்.

ரோஸ்லின்

*

கீழ்ப்புங்கனூர்
25.2.2025

ரோஸ்லினுக்கு,

என்னைக் குறுக்கே வர வேண்டாம் என்று சொல்ல நீ யார்? தின்னர் பாட்டிலைத் தேடி எடுத்து மோந்து பார்த்தேன். நீ சொன்னதேதான். நிறம்தான் நீ வாங்கியது, தின்னரை வாங்கி ஊற்றியவன் நான். கயிறு நழுவியது என் கையிலிருந்து. பெட்டியை வைக்கச் சொன்னதும் நான், மாட்டை அந்தப் பக்கமாக ஓட்டியதும் நான். போன கடிதத்தில் சட்டம் என் பக்கம் என்று எழுதினேன் அல்லவா? அந்த வரியை அடித்துவிடு. மைனர் சாது, எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லித் தப்பித்துவிடலாம்தான். அப்படிச் சொன்ன பிறகு கண்ணாடியில் என் மூஞ்சியை நானே பார்க்க வேண்டாமா?

இன்னொன்று நடந்தது. இதை யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் கள் குடித்தேனா என்று கேட்பார்கள். போன வெள்ளிக்கிழமை விடியற்காலை மாட்டுக்குத் தீனி வைக்கப் போனேன். பனி இன்னும் விலகவில்லை. மைனரைக் கட்டியிருக்கிற புங்கமரத்தின் கிளையில், அவன் தலைக்கு நேர் மேலே, பலாப்பழம் போல ஒன்று தொங்குகிறது. கிட்டே போனால் அது மூச்சு விடுகிறது. உன் பெட்டி ஒன்றிலிருந்து ஒரு கூட்டம் பிரிந்து வந்து அங்கே அடைந்திருக்கிறது. மைனரோ அசைபோட்டுக்கொண்டு நிற்கிறான். கொம்பில் நீலம் பாதி உரிந்துபோயிருக்கிறது. அதன் மேல் ரெண்டு தேனீ உட்கார்ந்து காலைத் துடைத்துக்கொள்கிறது. ஒன்றுக்கொன்று எந்தப் பகையும் இல்லை. வெயில் ஏறுகிற வரைக்கும் தீனிக் கூடையை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். நிற்கிறேன் என்பதே தெரியவில்லை. ஐம்பது வயசுக்கு மேல் எனக்கு இப்படி ஒரு காலை கிடைக்கும் என்று நினைக்கவில்லை ரோஸ்லின்.

அப்புறம்தான் யோசனை வந்தது. உன் பெட்டியை விட்டு வந்துவிட்டது, ஆக உன்னுடையது இல்லை. என் மரத்தில் இருக்கிறது. இது இப்போது ஒருத்தரைக் கொட்டினால் பதில் சொல்ல வேண்டியது யார்? கலைப்பிரியாவிடம் போனில் கேட்டேன். "புடிச்சி வச்சிக்கிட்டா உங்களுது, உட்டுட்டா காத்துது" என்றது. உன் காலிப் பெட்டி ஒன்றைக் கொண்டுபோய் அடியில் வைத்து, நீ சொல்லிக்கொடுத்த மாதிரி தட்டி இறக்கினேன். நாலு கொட்டு வாங்கினேன், பரவாயில்லை. இப்போது நானும் தேனீக்காரன். இனிமேல் பூச்சி உன்னுடையது, மாடு என்னுடையது என்று பிரித்துப் பேச முடியாது.

தர்பூசணி பிஞ்சு நன்றாகப் பிடித்திருக்கிறது, இந்த மாதிரி ஒரு வருஷமும் பிடித்ததில்லை. எல்லாம் உன் பெட்டியால்தான். கொடியை ஒதுக்கிப் பார்க்கிறபோது சந்தோஷமாக இருக்கிறது. உடனே வெட்கமாகவும் இருக்கிறது. பழம் நமக்கு, முட்டி அவளுக்கா?

அவள் காலை முன்னைவிட அதிகமாக இழுக்கிறாள். உன் போன கடிதத்தைக் கொடுத்துவிட்டு வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். தண்ணீர் கொடுத்தேன். மறுபடியும் செலவைப் பற்றிப் பேச்செடுத்தேன். சொம்பை வைத்துவிட்டுப் போய்விட்டாள். நான் சொன்னால் அவள் கேட்கப்போவதில்லை. நீ சொன்னாலும் கேட்கமாட்டாள். அதனால் நீ ஒருத்தியே எல்லாம் பார்த்துக்கொள்கிறேன் என்று கொடி பிடிக்காதே. பொறுப்பு என்னுடையது.

சீனுவாசன்

*

விழுப்புரம்
12.3.2025

அண்ணா,

பிரிந்து போன கூட்டம் உங்கள் மரத்தில் அடைந்ததைப் படித்துவிட்டுக் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ராணித் தேனீ போகிற இடத்தில்தான் மற்றவை அடையும். ஊரில் இவ்வளவு மரம் இருக்க, மைனர் தலைக்கு மேல் போய் உட்கார்ந்திருக்கிறது பாருங்கள். எனக்கு அழுகை வந்தது, நல்ல அழுகைதான்.

தவக்காலம் தொடங்கிவிட்டது. கோயிலுக்குப் போய், பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனம் செய்யலாம் என்று போனேன். எல்லாவற்றையும் சாமியாரிடம் சொன்னேன். தேனீ, பெயிண்ட், முட்டி, எல்லாம். பொறுமையாகக் கேட்டார். பிறகு, "இதுல நீ தெரிஞ்சி செஞ்சது இன்னாம்மா இருக்குது? பாவம்னா மனசறிஞ்சி செய்யணும். இது பாவமில்ல. பாவமில்லாததுக்கு மன்னிப்பு குடுக்க எனக்கு அதிகாரம் இல்லியே" என்றார். நல்ல மனுஷர், சரியாகத்தான் சொன்னார். ஆனால் கொண்டுபோன பாரத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். கிருஷ்ணவேணியும் தப்பில்லை என்கிறாள், சாமியாரும் தப்பில்லை என்கிறார். தப்பில்லை என்று எல்லோரும் சொல்லச் சொல்ல, அந்த முட்டியைக் கொண்டுபோய் எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து இதைக் கலைப்பிரியாவிடம் சொன்னேன். உங்கள் கடிதத்தையும் படித்துக் காட்டினேன். உங்கள் மகளுக்கு அவ்வளவு கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை. "நாடகத்துல வேஷத்துக்கு சண்ட போடற மாதிரி, எனக்குத்தான் பொறுப்பு, எனக்குத்தான்னு நீங்க ரெண்டு பேரும் இழுத்துக்கினு இருக்கீங்க. அந்தம்மா பாட்டுக்கு நடந்துக்கினு இருக்குது. நீங்க குடுக்கறது அவங்களுக்கு தானம் மாதிரி தெரியுது, அதான் வாங்கல. குடுக்காதீங்க. அவங்கள கேக்க வைங்க."

கேட்க வைப்பது எப்படி என்றேன். அதற்குத்தான் வக்கீல் நோட்டீஸ் இருக்கிறது என்றது. கலைப்பிரியா பயிற்சிக்குப் போகிற வக்கீலம்மா எழுதித் தருவாராம். கிருஷ்ணவேணி நம் இருவருக்கும் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். இன்னின்னார் ஆபத்தானவற்றைத் தங்கள் லாபத்துக்காக வைத்திருந்தார்கள், அதனால் எனக்கு இன்ன கேடு வந்தது, அதைச் சரி செய்வது அவர்கள் கடமை என்று. யார் மேலும் தப்பு என்று ஒரு வரி எழுத வேண்டியதில்லை. நாம் சண்டை போடாமல் ஆமாம் என்று ஒப்புக்கொண்டால் கோர்ட்டு வரைக்கும் போகவே வேண்டாம்.

நம் மேல் நோட்டீஸ் அனுப்புங்கள் என்று நாமே போய்க் கெஞ்சுவதா, ஊர் சிரிக்கும் என்று நீங்கள் சொல்வீர்கள். சிரிக்கட்டும். கோடை வந்துவிட்டது. டாக்டர் சொன்ன கெடு தாண்டிவிட்டால் அப்புறம் நாம் எவ்வளவு அழுதும் அந்தக் கால் திரும்பி வராது. ஞாயிற்றுக்கிழமை கலைப்பிரியா ஊருக்கு வந்து கிருஷ்ணவேணியிடம் பேசப் போகிறது. நீங்கள் அன்று வீட்டிலேயே இருங்கள், போய் எட்டிப் பார்க்காதீர்கள். உங்கள் மூஞ்சியைப் பார்த்தால் அவள் இரக்கப்பட்டுவிடுவாள்.

ரோஸ்லின்

*

விழுப்புரம் புது பஸ் ஸ்டாண்ட்
27.3.2025

ரோஸ்லினுக்கு,

மேலே ஊர்ப்பெயரைப் பார்த்துக் குழம்பாதே. இங்கே டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். நேரில் பேச வாய் வராது, எழுதினால்தான் வரும்.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். காலையில் கொல்லையில் பழம் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டிப்பாதையில் கிருஷ்ணவேணி வருவது தெரிந்தது. ரொம்ப தூரத்திலேயே தெரிந்தது, ஆனால் வந்து சேரவே இல்லை. வெயிலில் கானல் ஓடுகிறது, அதற்குள் அவள் மிதந்துகொண்டே இருக்கிறாள். தடி முன்னால் வருகிறது, அப்புறம் நல்ல கால், அப்புறம் அந்தக் கால். பையில் மைனரின் கொம்பு போட்ட நீலக் கோடு வெயிலில் மின்னுகிறது. இவளை நான் எத்தனையோ முறை இப்படி வரப் பார்த்திருக்கிறேன். நேற்றுதான் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும்.

வந்தவள் பையிலிருந்து ஒரு ரெஜிஸ்தர் தபாலை எடுத்து நீட்டினாள். வக்கீல் நோட்டீஸ். அனுப்பியது கிருஷ்ணவேணி, பெறுநர் சீனுவாசன், கொண்டுவந்து கொடுப்பதும் கிருஷ்ணவேணி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. டியூட்டியில் இருக்கிற முகம். "கையெழுத்து போடுங்கண்ணா, ஜல்தி. இன்னும் மூணு வீடு கெடக்குது."

போட்டேன். "நான் குடுத்தப்ப வாங்கலியேம்மா, இப்ப மட்டும் எப்படி?" என்று கேட்டேன்.

"குடுத்தா வாங்கறது வேறண்ணா. கேட்டு வாங்கறது வேற," என்றாள். "உங்க பொண்ணு வந்து சொல்லிச்சி. உங்க மேல தப்பு இல்லன்னு நான் இப்பவும் சொல்றேன். ஆனா தப்பில்லைன்னு சொன்னதால என் காலு எனக்கு மட்டும்னு ஆயிடுச்சில்ல? அது எப்படி நாயம்? மாடு உங்களுது, பூச்சி அக்காவுது. வழி எல்லாருக்கும் பொது. அந்த வழியிலதான நான் வந்துக்கினு இருந்தேன்?"

இவ்வளவு நாள் அவளுக்கு உதவி செய்ய நினைத்தோம் ரோஸ்லின். அவள் உதவி கேட்கவில்லை, அவளுக்குச் சேர வேண்டியதைக் கேட்டாள். அது புரிந்ததும் எனக்கு ஒரு மாதிரி மரியாதை வந்தது, பயம் கலந்த மரியாதை. ஒப்புக்கொள்கிறேன் என்று அங்கேயே சொன்னேன். "வாயால சொன்னா செல்லாது, எழுத்துல அனுப்புங்க. தபால்ல போடுங்க, நானே எடுத்துக்கினு போறேன்" என்றாள். அப்போதுதான் சிரித்தாள்.

அவள் சிரித்ததும் எனக்குச் சுருக்கென்றது. ஜனவரியிலிருந்து நீ எழுதியதை எல்லாம் என் வீட்டுக்கு யார் கொண்டுவந்தது? நான் எழுதித் தபால் பெட்டியில் போட்டதை எல்லாம் யார் எடுத்துக்கொண்டு போனது? உன் கோபத்தை, என் கோபத்தை, உன் கனவை, என் தேன்கூட்டை, அவள் முட்டியைப் பற்றி நாம் பட்ட வேதனையை, எல்லாவற்றையும் அந்த முட்டியின் மேல்தானே ஏற்றி அனுப்பினோம்? அவள் முட்டி எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுதச் சொன்னாய். அந்த ஒரு வரிக்காக அவள் வண்டிப்பாதை முழுக்க நடந்தாள். போனை பிளாக் செய்தவன் நான். இதற்கு எந்த மாட்டையும் காரணம் சொல்ல முடியாது.

இன்று காலை வக்கீலம்மாவிடம் போய் ஒப்புதலைக் கையில் கொடுத்துவிட்டேன். உனக்கும் நோட்டீஸ் வந்திருக்கும், நீயும் நேரில் போய்க் கொடுத்துவிடு. ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியாகிவிட்டது. அவள் எழுந்து நடக்கிற வரைக்கும் அவள் தங்கச்சி பையை எடுத்துக்கொள்கிறாள். தங்கச்சியை நான் என் டிவிஎஸ் வண்டியில் பின்னால் உட்கார வைத்து ஊரைச் சுற்றுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இதுவும் நோட்டீஸில் கேட்டதுதான், நானாகச் செய்கிற தர்மம் இல்லை. வண்டி ஓட்ட ஆள் வேண்டும் என்று கிருஷ்ணவேணியே எழுதச் சொன்னாளாம்.

உன் எண்ணை பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன். இனி சண்டை போடுவதென்றால் போனிலேயே போடு, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கேட்கிறேன்.

இந்தக் கடிதத்துக்குத் தபால்தலை ஒட்டவில்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உன் வீட்டுக்கு ஷேர் ஆட்டோ ஏறப் போகிறேன். கையில் ஒரு தர்பூசணி, உன் பெட்டியால் பிடித்த முதல் பழம். நல்ல கனம், இதை நானே சுமந்து வருகிறேன். கதவைத் தட்டும்போது யாரோ என்று நினைத்துத் தாமதம் செய்யாமல் திறப்பாய் என்று நம்புகிறேன்.

சீனு அண்ணன்